ஒன்றரை வருடம் ஜெர்மனி: ஊர் ப்ரீபெய்டு நம்பரை உயிரோடு வைத்திருப்பது எப்படி?

கொள்ளிடக்கரை | ஞாயிறு காலை 10:12

வணக்கம். கம்பெனி என்னை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்புகிறது. பதினெட்டு மாதம் என்கிறார்கள். இவர்கள் சொல்லும் பதினெட்டு சில சமயம் இருபத்துநாலு ஆகும். விசா வந்துவிட்டது, அடுத்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். பெட்டி, ரசப்பொடி, குளிர்கோட்டு எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. செல்போன் நம்பரை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள்.

காலேஜ் முடித்த வருடம் வாங்கிய ப்ரீபெய்டு நம்பர். இரண்டு வங்கிக் கணக்கு, ஆதார், பிஎஃப், எல்ஐசி, கேஸ், அம்மாவின் ஆஸ்பத்திரி கார்டு, எல்லாம் இதில்தான் இருக்கிறது. இப்போது 84 நாளுக்கு ஒருமுறை டேட்டாவோடு ரீசார்ஜ் போடுகிறேன். அங்கே போனதும் உள்ளூர் சிம் வாங்கிவிடுவேன். ஆகவே இதில் டேட்டாவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். நம்பர் சாகக்கூடாது, ஓடிபி வரவேண்டும், அவ்வளவுதான்.

எதைப் போட்டால் செலவு குறையும்? சிம்மைக் கும்பகோணத்தில் அம்மாவிடம் விட்டுப் போவதா, கையோடு எடுத்துப் போவதா? அப்புறம், அலுவலகத்தில் ஒருவர் "20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் நம்பரை யாரும் தொட முடியாது, அப்படி ஒரு சட்டமே இருக்கிறது" என்று அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பிளாட்பாரம் நாலு | ஞாயிறு காலை 10:31

உண்மைதான். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட விதி. 20 ரூபாய் போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள். வருடத்துக்கு 240 ரூபாய்தான் செலவு. இதற்கு ஒரு இழை தேவையே இல்லை.

மணிக்கூண்டு | ஞாயிறு காலை 11:48

அவசரப்படாதீர்கள். பாளையங்கோட்டையில் எட்டு வருடம் செல்போன் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், அந்த 20 ரூபாயை நம்பி நம்பரைத் தொலைத்தவர்கள் என் கடைக்கே வந்து நின்றிருக்கிறார்கள்.

விதி இருக்கிறது, பொய்யில்லை. 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஒரு ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால்தான் நிறுவனம் அதை முடக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 20 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். பணம் இருக்கும்வரை அப்படியே போகும். முடக்கிவிட்டாலும் 15 நாளுக்குள் கேட்டால் அதே நம்பரைத் திரும்பத் தரவேண்டும்.

இது எதைப் பற்றிய விதி என்று பாருங்கள். "பயன்படுத்தவில்லை என்பதற்காக" முடக்குவதைப் பற்றியது. உங்கள் பிளானின் வேலிடிட்டி முடிந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை. வேலிடிட்டி முடிந்ததும் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும். கொஞ்ச நாள் கழித்து உள்ளே வருவதும் நிற்கும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மெயின் பேலன்ஸில் 20 என்ன, 200 ரூபாய் இருந்தாலும் பிளான் இல்லையென்றால் சிம் ஊமைதான். நம்பர் உங்கள் பெயரில் இருக்கலாம், ஓடிபி வராது. உங்களுக்கு வேண்டியது ஓடிபி.

இன்னொன்று. அந்த விதியில் "பயன்பாடு" என்றால் பேசுவது, நீங்கள் எஸ்எம்எஸ் அனுப்புவது, டேட்டா போன்றவை. உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் அந்தக் கணக்கில் சேராது. மூன்று மாதம் ஓடிபி மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் காகிதப்படி நீங்கள் நம்பரைப் பயன்படுத்தவே இல்லை.

பிளாட்பாரம் நாலு | ஞாயிறு பகல் 12:05

2025 ஜனவரியில் எல்லாச் செய்தியிலும் வந்ததே, 20 ரூபாய்க்குச் சிம் உயிரோடு இருக்கும் என்று?

மணிக்கூண்டு | ஞாயிறு பகல் 12:20

வந்தது. பன்னிரண்டு வருடப் பழைய விதியைப் புது அறிவிப்பு மாதிரி போட்டார்கள். அது பழைய விதிதான் என்று விளக்கமும் வந்தது. விளக்கத்தை யார் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யப் போகிறார்கள்?

சுக்குக்காப்பி | ஞாயிறு பிற்பகல் 3:17

மணிக்கூண்டு அண்ணன் சொல்வதற்கு நானே சாட்சி. தோஹாவில் நர்ஸாக இருக்கிறேன். முதல் தடவை வந்தபோது இரண்டு வருட ஒப்பந்தம். ஊரில் கடைக்காரர் ஏதோ ஒரு டாப்-அப் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகாதும்மா" என்றார். நானும் சிம்மைப் பர்ஸில் ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு ஏழு மாதம் அதை மறந்தே போனேன்.

லீவில் வந்து போனில் போட்டால் சிக்னலே இல்லை. ஷோரூமுக்குப் போனால் நம்பர் வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், யாரோ ஒரு தாத்தா எடுத்தார். பாவம், "அடிக்கடி உங்க பேங்குல இருந்து மெசேஜ் வருதும்மா, நான் எல்லாத்தையும் அழிச்சிடுறேன்" என்றார். நல்ல மனிதர், அதனால் தப்பித்தேன். என் சம்பளம் எவ்வளவு, எப்போது ஏறுகிறது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வங்கியில் நம்பர் மாற்றக் கிளைக்கு நேரில் போனேன், ஆதாரில் மாற்ற மையத்தில் வரிசையில் நின்றேன். முப்பது நாள் லீவில் நாலு நாள் அதற்கே போனது. என் பாட்டி வீட்டுக்குப் போகவே முடியவில்லை.

மணிக்கூண்டு | ஞாயிறு மாலை 4:02

அதுதான் நடக்கும். துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரக்கூடாது என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த 90 நாள் தாண்டினால் அது சந்தைக்கு வந்துவிடும். பழைய வாட்ஸ்அப் கணக்கும் சிக்கல்தான். 45 நாள் அசையாமல் கிடந்த கணக்கின் நம்பரை வேறு போனில் பதிந்தால் பழைய விவரங்களை அழிக்கிறார்கள். அதற்குள் பதிந்தால்? நினைத்துப் பாருங்கள்.

2025 ஏப்ரலில் இருந்து யுபிஐ பக்கம் இன்னும் கறார். துண்டிக்கப்பட்ட நம்பர்களின் பட்டியலை வைத்து வங்கிகளும் யுபிஐ ஆப்களும் வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவைச் சரிபார்க்க வேண்டும். நம்பர் போனால் யுபிஐயும் கூடவே போகும். அந்தத் தாத்தா மாதிரி ஆட்களுக்காகவும் இது நல்லதுதான்.

கொள்ளிடக்கரை | ஞாயிறு இரவு 8:40

சுக்குக்காப்பி அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. சரி, 20 ரூபாய்க் கதையை மூட்டை கட்டியாயிற்று. அப்படியானால் எதைப் போடுவது? 28 நாள் பிளானை மாதாமாதம் போட எனக்கு நினைவு இருக்காது.

இரவுப்பணி | ஞாயிறு இரவு 9:55

வருடப் பிளான் ஒன்றைப் போடுங்கள். 2024 டிசம்பர் 23-ல் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் இருக்கவேண்டும், சிறப்பு வவுச்சர்களின் வேலிடிட்டி 90 நாளுக்குப் பதிலாக 365 நாள் வரை போகலாம் என்றது. முக்கியமாகப் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்காக வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது லாட்டரி மாதிரி.

2025 தொடக்கத்தில் அப்படி வந்தவற்றில் ஏர்டெல் 1849 ரூபாய்க்கு 365 நாள், ஜியோ 1748 ரூபாய்க்கு 336 நாள். விலை மாறிக்கொண்டே இருக்கும், போடும் அன்றைக்கு ஆப்பில் பாருங்கள். 336 நாள் என்பதைக் கவனியுங்கள், அது வருடமில்லை. கடைசி 29 நாளில்தான் ஆட்கள் மாட்டுவார்கள்.

உங்களுக்குப் பதினெட்டு மாதம். கிளம்பும் வாரத்தில் ஒருமுறை, அடுத்த வருடம் ஒருமுறை, அவ்வளவுதான். மாதத்துக்கு நூற்றைம்பது சொச்சம் விழுகிறது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு காபியும் பன்னும் அந்த விலையைத் தாண்டிவிடும்.

பிளாட்பாரம் நாலு | ஞாயிறு இரவு 10:10

பிஎஸ்என்எல்லுக்குப் போர்ட் செய்தால் இன்னும் மலிவு.

இரவுப்பணி | ஞாயிறு இரவு 10:26

மலிவுதான். ஆனால் அவர் அடுத்த மாதம் கிளம்புகிறார். போர்ட் செய்து, புதுச் சிம் ஓடுகிறதா, ரோமிங் திறக்கிறதா என்று ஊரிலேயே சோதித்துப் பார்க்க அவகாசம் வேண்டாமா? ஆறு மாதம் முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இப்போது ஓடுகிற வண்டியில் கை வைக்காதீர்கள்.

மணிக்கூண்டு | திங்கள் காலை 7:15

ரீசார்ஜ் பற்றி ஒரு வார்த்தை. வேலிடிட்டி முடிந்தபிறகு வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ரீசார்ஜ் போடப் பார்ப்பவர்கள் ஒரு சுழலில் மாட்டுவார்கள். கார்டில் பணம் கட்ட ஓடிபி வேண்டும், ஓடிபி வர சிம் ஓடவேண்டும், சிம் ஓட ரீசார்ஜ் வேண்டும். அம்மாவோ தம்பியோ அவர்கள் போனிலிருந்து போட்டால் தீர்ந்தது. முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் காலண்டரில் குறித்து வையுங்கள். வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பவர் யாரோ அவரிடம் சொல்லி அந்தத் தாளில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

கொள்ளிடக்கரை | திங்கள் காலை 8:02

அம்மாதான் கிழிப்பார். ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் ரீசார்ஜ் போடுவார், பரவாயில்லை.

சிம் யாரிடம் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

கருவேப்பிலை | திங்கள் காலை 11:30

நான் சொல்கிறேன், மூன்று வருடம் இரண்டையும் செய்து பார்த்தவன்.

முதலில் சிம்மைத் தேனியில் அம்மாவிடம் விட்டேன். பழைய பட்டன் போனில் போட்டு, டிவி பக்கத்தில் சார்ஜில். எனக்கு அப்போது கனடா. இங்கே இரவு பத்து மணி, அங்கே காலை. நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு "அம்மா, மெசேஜ் வந்ததா" என்பேன். அம்மா கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி கிடைத்ததும் மெசேஜை மேலிருந்து வாசிப்பார்: "டியர் கஸ்டமர்..." ஓடிபிக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். பத்து தடவைக்கு ஒரு தடவை வென்றிருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் யாரோ "பேங்க்ல இருந்து பேசுறோம், உங்க மகன் கார்டு பிளாக் ஆகப்போகுது, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். அம்மாவுக்கு நம்பர் வாசிப்பது அன்றாட வேலை ஆகிவிட்டது, யார் கேட்டாலும் வாசிக்க வேண்டும் என்றே பழகிவிட்டார். வாசித்துவிட்டார். நல்லவேளை அந்தக் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. பணத்தைவிட, அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பழக்கிவிட்டவன் நான்.

அடுத்த லீவில் சிம்மைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன். நீங்களும் எடுத்துப் போங்கள்.

வெண்ணாறு | திங்கள் பகல் 1:08

பழைய ஆண்ட்ராய்டு போனில் சிம்மைப் போட்டு, எஸ்எம்எஸ் ஃபார்வர்டு செய்யும் ஆப் ஒன்றை நிறுவினால் ஓடிபி தானாக மின்னஞ்சலுக்கு வந்துவிடும். அம்மாவைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

கருவேப்பிலை | திங்கள் பகல் 1:40

வரும். உங்கள் வங்கி ஓடிபி அத்தனையும் முன்பின் தெரியாத ஒரு ஆப்பின் கை வழியாகப் போகும். போன் ஒருமுறை ஆஃப் ஆனால் ஊரில் யார் போய் ஆன் செய்வது? மின்வெட்டு, வைஃபை பில், பேட்டரி உப்பல், எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நான் அதையும் ஒரு மாதம் முயன்றேன்.

இரவுப்பணி | திங்கள் இரவு 9:20

கையோடு எடுத்துப் போவது என்று முடிவானால், ஊரில் இருக்கும்போதே சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். சில நிறுவனங்களில் ஆப்பில் ஒரு பொத்தான்தான், சிலவற்றில் ஒரு ரோமிங் பேக் போட்டால்தான் திறக்கும். அங்கே போய்ச் செய்யலாம் என்று விட்டால், திறப்பதற்கே ஓடிபி கேட்கும்.

ரோமிங் திறந்திருந்தால் பெரும்பாலான இந்திய நிறுவனங்களில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு இல்லை. வரும் அழைப்புக்கு உண்டு, எடுத்தால் நிமிடத்துக்கு நல்ல காசு. பேக்கும் இல்லை, மெயின் பேலன்ஸும் இல்லை என்றால் அழைப்பே வராது. ப்ரீபெய்டின் நல்ல குணம் இது, பணம் இல்லையென்றால் பணம் போகாது. போஸ்ட்பெய்டில் தூக்கத்தில் போன் தானாக அப்டேட் ஆனால்கூடப் பில் வரும். டேட்டா ரோமிங்கை அந்தச் சிம்முக்கு மட்டும் அணைத்து வையுங்கள்.

இப்போது யாரும் சொல்லாத ஒன்று. யுபிஐ ஆப்பைப் புதுப் போனில் பதியும்போது அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பும். வருவது இலவசம், போவது இல்லை. மெயின் பேலன்ஸ் காலியாக இருந்தால் பதிவு நடக்காது, ஏன் என்றும் ஆப் சொல்லாது, சுற்றிக்கொண்டே இருக்கும். நிறைய வங்கி ஆப்களும் அப்படித்தான். ஆகவே போன் மாற்றுவதாக இருந்தால் ஊரிலேயே மாற்றி, எல்லா ஆப்பையும் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். அவசரத்துக்கு மெயின் பேலன்ஸில் கொஞ்சம் டாப்-அப் வைத்திருங்கள்.

வெண்ணாறு | திங்கள் இரவு 9:44

ரோமிங் இல்லாமலே வைஃபை காலிங்கில் ஓடிபி வாங்கலாம். விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்தால் போன் ஊரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

இரவுப்பணி | திங்கள் இரவு 10:01

எனக்கும் ஓடியிருக்கிறது, ஓடாமலும் இருந்திருக்கிறது. போனையும் நிறுவனத்தையும் பொறுத்தது. போனஸாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணையை அதை நம்பிக் கட்டாதீர்கள்.

சுக்குக்காப்பி | செவ்வாய் காலை 6:50

இ-சிம்மா, சாதாரண சிம்மா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெண் ஊர் நம்பரை இ-சிம் ஆக்கிக்கொண்டு வந்தாள். போன் டாக்சியில் தொலைந்தது. புதுப் போனில் இறக்க அதே நம்பருக்கு மெசேஜ் வந்தால்தான் ஆகும் என்றார்கள். அழுதுகொண்டே லீவு போட்டு ஊருக்குப் போனாள். சாதாரண சிம் என்றால் ஒரு போனிலிருந்து உருவி இன்னொன்றில் போடலாம்.

அதேசமயம், இங்கே வளைகுடாவில் இப்போது விற்கும் ஐபோன் 17-ல் சிம் போடும் ஓட்டையே இல்லை. அமெரிக்காவில் 14-ம் மாடலில் இருந்தே அப்படித்தான். போன் வாங்குவதாக இருந்தால் இந்தியாவில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கொள்ளிடக்கரை | செவ்வாய் காலை 9:15

எனக்கு ஐபோன் கனவெல்லாம் இல்லை அக்கா. பழைய 2ஜி பட்டன் போன் ஒன்று வீட்டில் இருக்கிறது. இந்தச் சிம்மை அதில் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டால்?

இரவுப்பணி | செவ்வாய் காலை 9:50

ஜெர்மனியில் ஓடும். அங்கே 3ஜியைத்தான் 2021-ல் மூடினார்கள், 2ஜியை விட்டு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2017-லேயே 2ஜி போய்விட்டது, அங்கே இதே போன் காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கத்தான் உதவும். ஆனால் யுபிஐயும் வங்கி ஆப்பும் சிம் எந்தப் போனில் இருக்கிறது என்று பார்க்கும். வாட்ஸ்அப் போன்றவையும் பதிந்த சிம் அதே போனில் இருந்தால்தான் ஓடவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் ஒரு உத்தரவு போட்டது. இரண்டு சிம் போனில் இரண்டாவது இடத்தில் போட்டுவிடுங்கள், தலைவலி குறையும்.

வைகறை | செவ்வாய் பகல் 12:33

எல்லாம் சரி, நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டு நம்பர் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போய் இரண்டு வருடம், அம்மாதான் வைத்திருந்தார். சிம் பழுதாகிப் புதுசு கேட்டால் "பெயரில் உள்ளவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும்" என்றார்கள். கவுன்ட்டரில் இருந்த பையன் தெரியாமல் கேட்டுவிட்டான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று நடை நடந்தேன்.

கொள்ளிடக்கரை | செவ்வாய் பகல் 12:58

ஐயோ. இது சித்தப்பா எடுத்துக்கொடுத்த சிம். அப்போது என்னிடம் அடையாள அட்டை எதுவும் இல்லை.

மணிக்கூண்டு | செவ்வாய் பகல் 1:10

இன்றைக்கே சித்தப்பாவைப் பிடியுங்கள். இருவரும் ஆதாரோடு நேரில் போனால் பெயர் மாற்றித் தருவார்கள். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். புதுச் சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் எதுவும் வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022-ல் போட்ட கட்டுப்பாடு. விமான நிலையத்தில் நின்றுகொண்டு போர்டிங் பாஸுக்கு ஓடிபி தேடும் நிலைமை வரவேண்டாம்.

கூட்டல்கழித்தல் | செவ்வாய் மாலை 6:45

தாமதமாக வருகிறேன், தணிக்கை அலுவலகத்தில் வேலை. நீங்கள் எல்லோரும் நம்பரைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அதன் மேல் இருக்கும் பாரத்தைக் குறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை.

வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி கிளம்பியதுமே வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடுகிறார். சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் ஊரில் வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றவேண்டும். வருமானவரிக்கு நாள் எண்ணும் கணக்கு வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். பலரும் "ஒன்றரை வருடம்தானே" என்று மாற்றாமல் விடுகிறார்கள். மாற்றுவதில் உங்களுக்கே ஒரு லாபம் உண்டு: பல வங்கிகள் அந்தக் கணக்குக்கு வெளிநாட்டு நம்பரைப் பதிய விடுகின்றன. அப்போது வங்கி ஓடிபி ஜெர்மன் நம்பருக்கே வரும்.

யுபிஐக்கு அந்த வசதி இல்லை. 2023-ல் வெளிநாட்டு நம்பரோடு யுபிஐ பயன்படுத்த அனுமதித்த பத்து நாடுகளில் சிங்கப்பூர், கத்தார், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் இருந்தன, ஜெர்மனி இல்லை. சுக்குக்காப்பி, நீங்கள் கத்தார் நம்பரிலேயே செய்துகொள்ளலாம்.

வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்தபின் 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். எல்லோரும் ஆதார் ஓடிபி என்றே நினைக்கிறார்கள். நெட்பேங்கிங் வழியாகவும் முடியும், ஒன்றுமே இல்லையென்றால் கையெழுத்திட்ட படிவத்தைப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம். ஆதார் ஓடிபிக்குத்தான் அந்த ஊர் நம்பரை விட்டால் வழியில்லை. ஆகவே நம்பர் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுக்குக்காப்பி | செவ்வாய் இரவு 8:05

கத்தார் நம்பரில் முடியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. இரண்டு வருடமாக அண்ணனிடம் சொல்லிச் சொல்லிப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்!

கொள்ளிடக்கரை | அடுத்த வாரம், சனி மாலை 5:30

நிலவரம். சித்தப்பாவை மன்னார்குடியிலிருந்து வரவழைத்துப் பெயர் மாற்றியாயிற்று. பேருந்துக் காசு, மதியம் பிரியாணி, "பன்னிரண்டு வருஷமா என் பேர்ல சுத்திட்டு இப்பத்தான் ஞாபகம் வந்ததா" என்ற வசனம், எல்லாம் சேர்த்தால் வருடப் பிளானைத் தொட்டுவிடும். புதுச் சிம்தான் கொடுத்தார்கள். மணிக்கூண்டு அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு நாள் முழுக்க மெசேஜ் வரவில்லை.

365 நாள் பிளான் போட்டேன். ரோமிங்கைத் திறந்தேன். யுபிஐ, வங்கி ஆப் எல்லாவற்றையும் இரண்டு சிம் போனில் பதிந்தேன். வங்கியில் என்ஆர்ஓ படிவம் கொடுத்திருக்கிறேன், கிளையில் இருந்தவர் "ஜெர்மனி முகவரிச் சான்று வேண்டும்" என்கிறார். போகாமல் சான்று எப்படி வரும் என்று கேட்டேன், சிரித்தார்.

கூட்டல்கழித்தல் | சனி இரவு 7:12

விசாவும் கம்பெனிக் கடிதமும் காட்டினால் சில கிளைகள் ஏற்கும். இல்லையென்றால் அங்கே போய் முகவரி பதிந்ததும் அனுப்புங்கள். இந்த ஜெர்மன் பதிவுச் சான்றிதழை இரண்டு நகல் எடுத்து வையுங்கள், அங்கே எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

கொள்ளிடக்கரை | நாலு மாதம் கழித்து, வியாழன்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வணக்கம். இந்த இழையை யாராவது தேடி வருவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஓடிபி வருகிறது. இறங்கிய அன்று ஆறு மணி நேரம் சிக்னல் பிடிக்கவில்லை, நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் கையால் மாற்றியதும் பிடித்துக்கொண்டது. அதன்பின் ஒரு ஓடிபிகூடத் தவறவில்லை, சில நேரம் ஒரு நிமிடம் தாமதம், அவ்வளவுதான். வங்கிக்கு ஜெர்மன் நம்பர் கொடுத்தாயிற்று. பெயர் தெரியாத கடன் கம்பெனிகளின் மெசேஜ் இங்கேயும் வருகிறது, அதுவும் இலவசம்தான்.

ஒன்றை மட்டும் கோட்டை விட்டேன். கேஸ். சிலிண்டர் கொண்டுவரும் பையன் ஒரு நம்பர் கேட்பான், அது பதிந்த செல்போனுக்கு வரும். பதிந்த செல்போன் என்னுடையது. அங்கே காலை பத்தரை, இங்கே குளிர்கால ஆறு மணி, இருட்டு. அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "சிலிண்டர் வாசல்ல நிக்குதுடா, நம்பரைச் சொல்லு" என்கிறார். பின்னால் அந்தப் பையன் "சீக்கிரம்மா, இன்னும் பதினஞ்சு வீடு இருக்கு" என்று கத்துகிறான். கண்ணாடியைத் தேடி, மெசேஜை மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

கருவேப்பிலை | வியாழன்

"டியர் கஸ்டமர்" என்று தொடங்கினீர்களா?

கொள்ளிடக்கரை | வியாழன்

ஆமாம் சார்.

மணிக்கூண்டு | வியாழன்

கேஸ் நம்பரை அம்மா நம்பருக்கு மாற்றிவிடுங்கள். ஏஜென்சியில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

கொள்ளிடக்கரை | வெள்ளி

அம்மாவை அனுப்பினேன். கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்கிறார்கள். எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. பீரோவின் மேல் தட்டில் தேடச் சொல்லியிருக்கிறேன்.